அயர்லாந்தின் விடுதலையாளர் டானியேல் ஓகானல் (1775 – 1847)

நம் பங்கின் வரலாறும், நம் கோவிலைக் கட்டியெழுப்பிய குருக்களின் வரலாறும் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம் பெறுகின்றன. அவற்றின் நடுவே, கடல் கடந்த அயர்லாந்து நாட்டார் ஒருவரின் வாழ்க்கையை நாம் எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. அவர் குருவல்லர், துறவியுமல்லர், பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதருமல்லர். வழக்கறிஞர், மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பஸ்தர், ஆயுள் முழுவதும் கடன் தொல்லையில் உழன்றவர், ஒரு மனிதனைக் கொன்ற கையோடு சாகுமட்டும் வாழ்ந்தவர். எனினும், கோவில் வாசலில் ஏழைகள் போட்ட செப்புக் காசுகளைத் திரட்டி, ஆயுதம் ஏந்தாமலே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் கதவைக் கத்தோலிக்கருக்குத் திறந்து வைத்தவர் அவரே. அந்தக் கதவு திறந்ததற்குக் கொடுத்த விலையையும், அவ்விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் பங்கு மக்கள் அறிய வேண்டும் என்பதே நம் ஆசை.

அந்நாளைய அயர்லாந்தின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நிலமும் அதிகாரமும் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சிறுபான்மையோர் கையில். 1691-ஆம் ஆண்டுப் போரில் கத்தோலிக்கர் தோற்ற பிறகு அவர்கள்மேல் சட்டத்தின்மேல் சட்டமாகச் சுமத்தப்பட்டது. நிலம் வாங்கக்கூடாது, வாக்களிக்கக்கூடாது, வழக்கறிஞர் ஆகக்கூடாது, பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பக்கூடாது. ஐந்து பவுனுக்கு மேல் விலையுள்ள குதிரையைக்கூடக் கத்தோலிக்கன் வைத்திருக்கக்கூடாது. யாராவது ஒரு புராட்டஸ்தாந்துக்காரர் ஐந்து பவுனை நீட்டினால் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும். இது ஏட்டில் மட்டும் கிடந்த சட்டமன்று. ஓகானலின் சொந்த அத்தை எய்லீனின் கணவர் ஆர்ட் ஓலியரி, ஆஸ்திரியப் பேரரசின் படையில் பணியாற்றி ஊர் திரும்பியவர். தம் குதிரையை ஐந்து பவுனுக்குத் தர மறுத்த தகராறு முற்றி 1773-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அத்தை கணவன் உடலருகே அழுது பாடியதாக வழங்கும் ஒப்பாரி இன்றும் ஐரிஷ் மொழியின் தலைசிறந்த பாடல்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

அந்தச் சாவுக்கு இரண்டாண்டு கழித்து, 1775 ஆகஸ்டு 6-ஆம் நாள், கெர்ரி மாவட்டத்துக் கஹர்சிவீன் ஊரருகே டானியேல் பிறந்தார். அந்நாட்டு வழக்கப்படி பால்குடிப் பருவத்திலேயே ஒரு குடியானவன் வீட்டில் வளர்க்க விடப்பட்டு, ஐரிஷ் மொழியிலேயே முதற் பேச்சைக் கற்றார். பின்னர் பிள்ளையில்லாத பெரியப்பா மாரிஸ் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். டெரினேன் என்ற கடலோரத்தில் பெரிய வீடு அவருடையது. சட்டம் கத்தோலிக்கரைப் பணம் சேர்க்க விடவில்லை, கடலோ விட்டது. பிரான்சு, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வரி கட்டாமல் சரக்கு இறக்கியே அக்குடும்பம் செழித்தது. நாகரிகத் தொப்பிக்கு வரி போட்டார்கள் என்று வேட்டைக்காரன் குல்லாயையே எப்போதும் அணிந்து திரிந்த அந்தப் பெரியவருக்கு ஊரார் வைத்த பெயரும் வேட்டைக் குல்லாய் என்பதுதான்! வரியில் சிக்கனம் பார்த்தாலும் பிள்ளையின் படிப்பில் அவர் சிக்கனம் பார்க்கவில்லை. 1791-இல் டானியேலையும் அவர் தம்பியையும் பிரான்சுக்கு அனுப்பி, சாந்த் ஓமேர், துவே என்னும் ஊர்களிலிருந்த கத்தோலிக்கக் கல்லூரிகளில் படிக்க வைத்தார்.

கெட்ட காலத்தில் போய்ச் சேர்ந்தார்கள் பிள்ளைகள். பிரெஞ்சுப் புரட்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. படிப்பு பாதியில் நின்றது. மன்னர் 16-ஆம் லூயி வெட்டுண்டு இறந்த அதே நாளில், 1793 சனவரி 21-ஆம் நாள், சகோதரர் இருவரும் துறைமுகத்தை நோக்கி ஓடிவந்தார்கள். ஐந்தாண்டு கழித்து அவர் டப்ளினில் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற வாரத்திலேயே அயர்லாந்தில் ஆயுதக் கலகம் வெடித்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். இரத்தம் சிந்திப் பெறும் விடுதலை ஏழையையே முதலில் தின்றுவிடும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றியது இந்த இரு நிகழ்ச்சிகளால் என்று சொல்லலாம்.

வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் பரவியது. 1792-93-இல் வந்த சலுகைச் சட்டங்களின் பயனாகக் கத்தோலிக்கர் வழக்காடலாம், வாக்கும் அளிக்கலாம். ஆனால் நீதிபதியாக முடியாது, பாராளுமன்றத்தில் அமர முடியாது. 1800-இல் அயர்லாந்தின் சொந்தப் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டு இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. இணைப்புக்குப் பின் கத்தோலிக்கருக்கு முழு உரிமை வரும் என்று பிரதமர் பிட் நம்பிக்கை ஊட்டியிருந்தார்; மன்னர் 3-ஆம் ஜார்ஜ் இசையவில்லை. தங்களுக்கு ஆசை காட்டிய அந்த இணைப்பையே கத்தோலிக்கர் எதிர்க்க வேண்டும் என்று எடுத்துரைத்ததுதான் ஓகானலின் முதல் பொதுமேடைப் பேச்சு. 1802-இல், கையில் காசில்லாத தூரத்து உறவுப் பெண் மேரியை இரகசியமாக மணந்தார். பெரியப்பா சினங்கொண்டு சொத்தில்லை என்று ஒதுக்கி வைத்தார், பின்னர் மனமிரங்கினார். அந்த மணவாழ்க்கை இனிய வாழ்க்கை. இளமையில் நாத்திகர் நூல்களைப் படித்து விசுவாசம் தளர்ந்திருந்த கணவரை மெல்ல மெல்லக் கோவிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில் மேரிக்குப் பெரும் பங்குண்டு.

இனி நாம் எழுதப்போவது மறைக்க முடியாத ஒன்று. 1815-ஆம் ஆண்டு. புராட்டஸ்தாந்துகளின் கோட்டையாயிருந்த டப்ளின் மாநகராட்சியை ஒரு கூட்டத்தில் ஓகானல் இழிவாகப் பேசிவிட்டார். மாநகராட்சி உறுப்பினர் ஜான் தெஸ்டேர் என்பவர் மானப் போருக்கு அழைத்தார். அக்காலத்தில் மறுத்தால் கோழை என்பார்கள். பிப்ரவரி 1-ஆம் நாள் கில்டேர் மாவட்டத்தில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். ஓகானலின் குண்டு தெஸ்டேரின் இடுப்பில் பாய்ந்தது. இரண்டு நாளில் அவர் உயிர் பிரிந்தது. திருச்சபை இத்தகைய சண்டையைக் கடும் பாவமாக விலக்கியிருந்தது ஓகானலுக்குத் தெரியாததன்று. வெளியே ஊர் அவரைக் கொண்டாடியது. உள்ளே அவர் உடைந்து போனார். தம் வருமானத்தில் பங்கு தருவதாக அந்த விதவைக்குச் சொல்லியனுப்ப, அவ்வம்மையார் ஏற்கவில்லை. மகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஏற்றுக்கொள்ளப்பட்டது. தாம் இறக்கும் வரையில் ஏறத்தாழ 32 ஆண்டுகள் அதைத் தவறாமல் அனுப்பி வந்தார். நற்கருணை வாங்கச் செல்லும்போது, உயிரைப் பறித்த அந்த வலக்கையில் கறுப்பு உறை அணிந்துகொண்டே செல்வார் என்பது அவரைக் கண்டவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் நமக்கு, பிற்காலத்தில் அவர் ஒரு துளி இரத்தத்துக்கும் அஞ்சியதன் வேர் இங்கேயே தெரிகிறது. அரசியல் எழுதுவோர் அதை வெறும் தந்திரம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

1823-இல் அவர் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி சந்தா. அது சீமான்களுக்குத்தான் கட்டுப்படியாகும். கூட்டத்துக்கு ஆள் வருவதே அரிதாயிருந்தது. ஏழைகளையும் சங்கத்தில் சேர்க்கும் திட்டம் ஒன்றை ஓகானல் வைத்திருந்தார்: மாதம் ஒரு பென்னி கொடுத்தால் போதும். அதை முன்மொழியப் பத்துப் பேர் கூட வேண்டும். பலமுறை கூட்டம் கலைந்தது. 1824 பிப்ரவரியில் ஒரு நாள், கூட்டம் நடக்கும் மாடிக்குக் கீழேயிருந்த புத்தகக் கடையில் மெய்னூத் குருமடத்தைச் சேர்ந்த இளைஞர் இருவர் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்களாம். குருக்களும் மெய்னூத் மாணவரும் சந்தா இல்லாமலே சங்கத்தின் உறுப்பினர் என்பது விதி. ஓகானல் கீழே இறங்கி வந்து, தயங்கிய அவ்விருவரையும் ஏறக்குறையத் தள்ளிக்கொண்டே மாடிக்கு ஏற்றினார். பத்துப் பேர் ஆயிற்று, தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஒரு நாட்டின் வரலாறு இரண்டு குருமட மாணவர் புத்தகக் கடையில் நின்ற நேரத்தைப் பொறுத்திருந்தது. நம் குருமடத்தில் அனுமதியின்றிப் புத்தகக் கடைக்குப் போவதைக் குற்றமாக எண்ணிய அதிபர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

அந்தப் பென்னிதான் அயர்லாந்தை மாற்றியது. பங்குதோறும் வசூல்காரர்கள், ஞாயிறு பூசை முடிந்து வெளிவரும் மக்களிடம் கோவில் வாசலிலேயே வசூல். வாரத்துக்குக் கால் பென்னி என்றால் உருளைக்கிழங்கு தின்று வாழும் கூலிக்காரனும் கொடுக்கலாம். பென்னி கொடுத்தவன் வெறும் தருமம் செய்தவன் அல்லன், சங்கத்தில் பங்குடையவன். டப்ளினில் பேசப்பட்டதைத் தன் பங்கில் உரக்க வாசிக்கக் கேட்டான். நிலக்கிழார் அநியாயமாக வெளியேற்றினால் அப்பணத்தில் வக்கீல் வைத்துக்கொண்டான். காசு சேர்ந்ததைவிட, பயந்து பயந்து குனிந்து நடந்த மக்கள் நிமிர்ந்ததே பெரிய காரியம். விழாவுக்கென்று வீடு வீடாக ஏறி இறங்கும் நம் பங்குப் பேரவையினருக்கு இதன் பொருள் நாம் சொல்லாமலே விளங்கும்.

1828-இல் கிளேர் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அமைச்சராக நியமிக்கப்பட்ட வெசி பிட்ஸ்ஜெரால்டு அக்கால விதிப்படி மறுபடியும் மக்களிடம் வாக்குக் கேட்டு நின்றார். நல்ல மனிதர்; கத்தோலிக்கர் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தவரே. ஓகானல் அவரை எதிர்த்து நின்றார். கத்தோலிக்கர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. வென்றபின் சபையில் அமருமுன் எடுக்க வேண்டிய சத்தியப்பிரமாணமே தடை. திருப்பலியும், தேவமாதாவையும் புனிதர்களையும் மன்றாடுவதும் விக்கிரக ஆராதனை என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிக்கையிட வேண்டும். எந்தக் கத்தோலிக்கன் அதைச் சொல்வான்?

அன்று இரகசிய வாக்கெடுப்பு கிடையாது. நிலக்கிழாரின் முகத்துக்கு நேரே வாயால் பெயர் சொல்ல வேண்டும். வாக்காளரில் பெரும்பாலோர் 40 ஷில்லிங் குடியானவர் எனப்பட்டோர்; அதாவது ஆண்டுக்கு அவ்வளவு மதிப்புள்ள துண்டு நிலத்தை ஆயுட்காலக் குத்தகைக்கு வைத்திருந்தவர்கள். பெயர் மாற்றிச் சொன்னால் மறுநாள் வீடு வாசல் இல்லை. அந்நாள்வரை எசமான் மேய்த்துக்கொண்டு வந்த திசையிலேயே வாக்களித்து வந்தவர்கள், தங்கள் பங்குக் குருக்கள் முன்னே நடக்க என்னிஸ் நகருக்கு அணிவகுத்து வந்தார்கள். தேர்தல் என்றால் சாராயம் ஆறாய் ஓடும் நாட்டில் பல்லாயிரம் பேர் நாட்கணக்கில் குடியைத் தொடாமல் தெருக்களில் அமைதியாயிருந்தார்கள். ஓகானலுக்கு 2,057 வாக்கு, அமைச்சருக்கு 982.

பிரதமர் வெலிங்டன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதி. உள்துறை அமைச்சர் பீல் கத்தோலிக்க உரிமைக்கு ஆண்டாண்டுக் காலமாக எதிரி. இனி மறுத்தால் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர்தான் என்று இருவரும் கண்டுகொண்டார்கள். மன்னர் 4-ஆம் ஜார்ஜ் அழுது அடம் பிடித்து, கடைசியில் 1829 ஏப்ரல் 13-ஆம் நாள் ஒப்பமிட்டார். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரலாம். ஒருசில பதவிகள் தவிர மற்றெல்லாப் பதவிகளும் வகிக்கலாம்.

ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் கூடவே வந்தது. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்கத் தேவையான சொத்து மதிப்பை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக உயர்த்திவிட்டார்கள். அதாவது ஐந்து மடங்கு. இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த வாக்காளர் நாற்பதாயிரத்துக்கும் கீழே போயினர். கோவில் வாசலில் பென்னி போட்டவனும், எசமான் முன்னால் நெஞ்சு நிமிர்த்தி ஓகானல் பெயரைச் சொன்னவனும் தன் வாக்கை இழந்தான். கனவான்களுக்குக் கதவு திறந்தது. கதவைத் தள்ளித் திறந்த குடியானவன் வெளியே நிறுத்தப்பட்டான். இத்தகைய பேரத்துக்கு உடன்படுவதில்லை என்று ஓகானல் முன்னர் உறுதி கூறியிருந்தார். சட்டம் வந்தபோது எதிர்ப்புச் சொன்னார். ஆனால் போராட்டத்தைத் தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் இரண்டு சட்டமும் போயிருக்கும் என்று அவர் பக்கம் பேசுவோர் உண்டு. நாம் அவ்வளவு எளிதாக அவரை விட்டுவிட மாட்டோம். அவரைத் தேசமே விடுதலையாளர் என்று அழைத்த நாட்களில், கிளேர் மாவட்டத்துக் குடிசைகளில் அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும்? இருந்தும், வாக்கிழந்த அம்மக்களே மீண்டும் கோவில் வாசலில் காசு சேர்த்து, தொழிலைத் துறந்த அவருக்கு ஆண்டுதோறும் காணிக்கை கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

1829 மே மாதம் ஓகானல் சபைக்குச் சென்றார். சட்டம் வருமுன் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று காரணம் காட்டி, பழைய பிரமாணத்தையே அவரிடம் நீட்டினார்கள். அட்டையை வாங்கிப் படித்தார். அதிலுள்ள ஒரு பகுதி பொய்யென்று அறிவதாகவும், மற்றொன்றை உண்மையென நம்பவில்லை என்றும் கூறி மறுத்துத் திரும்பினார். கிளேர் மக்கள் சூலையில் எதிர்ப்பேயின்றி மறுபடி தேர்ந்தனுப்பினார்கள். 1830 பிப்ரவரியில் புதிய பிரமாணம் எடுத்து இருக்கையில் அமர்ந்தபோது அவருக்கு 54 வயது.

பதினேழு ஆண்டு அங்கே உழைத்தார். 1832-இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்துக்குத் துணை நின்றார். யூதர்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று வாதாடினார். நமக்குக் கிடைத்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொள்ளும் புத்தி அவரிடம் இல்லை. அடிமை ஒழிப்பில் அவர் காட்டிய உறுதியோ நம்மை வியக்க வைக்கிறது. அடிமைகளை வைத்திருக்கும் அமெரிக்கர் எவரோடும் கைகுலுக்க மாட்டார். அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்கள் அவருடைய இயக்கத்துக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்களுள் அடிமைமுறையை ஆதரித்தோரை வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் அமெரிக்காவில் சில கிளைகள் கலைந்தன, பணம் நின்றது. அவர் பின்வாங்கவில்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் 1845-இல் டப்ளினில் அவர் பேச்சைக் கேட்டு, வாழ்நாள் முழுதும் அவரைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

தம் நாட்டுக்குச் சொந்தப் பாராளுமன்றத்தை மீட்பதே அவருடைய பெருங் கனவு. 1834-இல் சபையில் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 38, எதிர்ப்பு 523. 1836-இல் மேரி இறந்தார். அதன்பின் வீடு வீடாக இல்லை. 1841-இல் டப்ளின் மாநகரத் தலைவரானார். 2-ஆம் ஜேம்ஸ் மன்னர் காலத்துக்குப் பின் அப்பதவியில் அமர்ந்த முதல் கத்தோலிக்கர் அவர். எந்த மாநகராட்சியை ஏசியதற்காக ஓர் உயிர் போயிற்றோ அதே மாநகராட்சி! (அவ்வாண்டுகளில்தான் அயர்லாந்திலிருந்து குருக்களும் கன்னியரும் நம் மதராஸ் மறைப்பணிக்குக் கப்பலேறினர். 1842-இல் மதராஸில் வந்திறங்கிய பிரசன்டேஷன் கன்னியர் ஓகானல் நிமிர்த்திய தலைமுறையின் பெண்மக்கள்.)

1843-இல் அவர் கூட்டிய கூட்டங்களைப் போல் அதுவரை ஐரோப்பா கண்டதில்லை. மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாளன்று, ஆகஸ்டு 15-இல், பண்டைய மன்னர்களின் தாரா குன்றில் லட்சக்கணக்கானோர் கூடினர். மதுவிலக்குப் போதித்த மேத்யூ சுவாமியாரின் உழைப்பால் அக்கூட்டங்களில் குடியும் இல்லை, கைகலப்பும் இல்லை. அக்டோபர் 8, ஞாயிறு, டப்ளினுக்கு அருகே குளோன்டார்பில் அடுத்த கூட்டம். சனிக்கிழமை பிற்பகலில் அரசு தடையாணை ஒட்டியது. துறைமுகத்தில் போர்க்கப்பல்கள், நகரில் படைகள். மக்களோ பல மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு வழியில் இருந்தார்கள். ஓகானல் கூட்டத்தை நிறுத்தினார். சாலைதோறும் குதிரை வீரரை அனுப்பி, இரவோடிரவாக மக்களைத் திருப்பினார். ஒருவர்கூடச் சாகவில்லை.

இளைஞர்கள் அவரை மன்னிக்கவேயில்லை. அந்த இரவோடு அவருடைய செல்வாக்கு சரிந்தது. அரசும் மன்னிக்கவில்லை; சதிக் குற்றம் சாட்டி, கத்தோலிக்கரே இல்லாத சான்றாயத்தின் முன் நிறுத்தி, 1844 மே மாதம் ஓராண்டுச் சிறை விதித்தது. பிரபுக்கள் சபை செப்டம்பரில் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்ய, அவர் வெளிவந்தார். நின்றிருந்தால் சுதந்திரம் வந்திருக்கும் என்பாரும் உளர். நிராயுதபாணிகளான குடியானவர் பிணங்களை அள்ளிக்கொண்டு வரும் வேலை பங்குக் குருக்களுக்கே வந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம்.

1845-இல் உருளைக்கிழங்கு பயிரில் நோய் விழுந்தது. பென்னி கொடுத்த அதே ஏழைகள் சாலையோரங்களில் விழுந்து இறந்தனர். 1847 பிப்ரவரியில் ஓகானல் கடைசி முறையாகப் பாராளுமன்றத்தில் எழுந்தார். திறந்த வெளியில் பெருங்கூட்டங்களைக் கட்டியாண்ட அந்தக் குரல் அருகிலிருந்தோருக்கே கேட்கவில்லை. உதவி வராவிட்டால் நாட்டு மக்களில் நாலில் ஒருவர் மடிவர் என்று மன்றாடினார். சபை மரியாதையோடு அமைதி காத்தது. போதிய உதவி வரவில்லை. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 10 லட்சம். நாட்டைவிட்டு ஓடியோரும் அவ்வளவு பேர்.

மருத்துவர் யோசனைப்படி உரோமைக்குப் புறப்பட்டார். பாப்பரசர் 9-ஆம் பத்திநாதரைக் கண்டு வணங்கிச் சாக வேண்டும் என்பது ஆசை. செனோவா நகரத்தோடு பயணம் முடிந்தது. 1847 மே 15-ஆம் நாள், 71-ஆம் வயதில், கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று உயிர் துறந்தார். அவர் விரும்பியபடி இதயம் உரோமைக்கும் உடல் அயர்லாந்துக்கும் எடுத்துச் செல்லப்பட்டன.

ஆகஸ்டு 2-ஆம் நாள் உடலைச் சுமந்த கப்பல் டப்ளின் ஆற்றில் நுழைந்தது. அவ்வேளையில் பஞ்சத்துக்குத் தப்பி நாட்டைவிட்டுப் போகும் ஏழைகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு கப்பல் எதிரே வெளியேறிக்கொண்டிருந்தது என்றும், உள்ளே வருவது யார் என்று தெரிந்ததும் தட்டில் நின்ற அத்தனை பேரும் முழந்தாளிட்டு ஒப்பாரி வைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. மூன்று நாள் கழித்து கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். 1823-இல் டப்ளினில் ஒரு கத்தோலிக்கரின் அடக்கத்தில் குழியருகே செபம் சொல்ல வந்த குருவைத் தடுத்துவிட்டார்கள். அதன்பின் ஓகானல் முன்னின்று உழைத்து, 1832-இல் எல்லா மதத்தாருக்கும் திறந்து வைத்த தோட்டம் அது.